தூங்கப் பயந்த வௌவால்

ஏரிக்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கின. வௌவால் குலத்துக்குப் பகல்தான் தூங்கும் நேரம். எல்லாரும் சிறகைப் போர்த்திக்கொண்டு தூங்க, கிழட்டு வௌவால் இருளாயி மட்டும் கண்ணைக் கொட்டாமல் விழித்திருந்தாள்.

பக்கத்தில் தொங்கிய அவளுடைய சிநேகிதி பூவாத்தா ஒருநாள் தரையில் செத்துக் கிடந்தாள். அன்றிலிருந்து இருளாயிக்கு ஒரே நினைப்பு. தூங்கினால் பிடி நழுவும். பிடி நழுவினால் சாவுதான்! விரல் நோக நோகக் கிளையை இறுக்கிக்கொண்டு பகலெல்லாம் கிடந்தாள். பொழுது சாய்ந்தால் பறக்கத் தெம்பில்லை. அக்கரையில் இலுப்பை பூத்திருந்தது. அவளுக்கு உயிரான பூ. கொஞ்ச நாள்தான் இருக்கும். ஒருநாள்கூட அவளால் போக முடியவில்லை.

"சாவைப் பத்தி நினைக்கவே நினைக்காதேக்கா!" என்று ஒரு மைனா புத்தி சொல்லிவிட்டுப் பறந்தது. அன்று முழுக்க அவளுக்குச் சாவைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

மரத்தடிப் பொந்தில் ஓர் உடும்பு குடியிருந்தாள். பிடிக்குப் பேர்போன குலம் அல்லவா! மேலே ஏறி வந்தாள்.

"என்னக்கா, கண்ணெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கு?"

கேட்டதுதான் தாமதம், இருளாயி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உடும்பு குறுக்கே பேசவில்லை, சிரிக்கவும் இல்லை.

"சரி, நீ தூங்கு. உன் காலை நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நழுவுச்சுன்னா கத்துறேன்."

"நான் கண்ணசந்ததும் என்னைத் தின்னுட்டா?"

"எலும்பும் தோலுமா இருக்குற உன்னையா? எனக்கு ஏரி நண்டு இருக்கு, போக்கா!"

இருளாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த களைப்பில் கண் சொக்கியது.

சாயங்காலம் விழித்தாள். கால் பிடித்த இடத்திலேயே இருந்தது!

"நீ அசந்து தூங்கத் தூங்க, விரல் இன்னும் இறுகுச்சுக்கா. உன் பாரமே அதைப் பூட்டிடுது. நீயா விரிச்சாத்தான் திறக்கும்" என்றாள் உடும்பு.

"அப்போ பூவாத்தா?"

"அவ செத்த பிறகும் தொங்கிட்டுத்தான் இருந்தா, நான் கீழேருந்து பாத்தேன். தூங்குறான்னு நீங்க நினைச்சீங்க. மறுநாள் காத்துதான் தள்ளுச்சு. தூக்கம் அவளைக் கொல்லலே, காலம் முடிஞ்சுது."

இருளாயி பூவாத்தா தொங்கிய இடத்தைப் பார்த்தாள்.

"அப்போ... முழிச்சிருந்தாலும் சாவு வருமா?"

"வரும்க்கா."

"அடிப்பாவி! பின்னே இத்தனை நாளா நான் எதுக்குக் காவல் இருந்தேன்?"

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. "தூங்கப் போறப்போ அதோட மல்லுக்கட்டாதே. சாயங்காலம் வா, உக்காந்து பேசித் தீர்ப்போம்" என்றாள் உடும்பு. இருளாயி தினமும் வந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு கிழ வௌவால்கள் வந்தன. "எங்களுக்கும் அதே பயம்தான், சொல்ல வெட்கமா இருந்துச்சு!" என்றன.

இலுப்பையில் பூ முடிவதற்குள் மூவருமாக அக்கரைக்குப் பறந்தார்கள். தேன் சொட்டும் வாயோடு விடியலில் திரும்பிய இருளாயி, பூவாத்தா தொங்கிய இடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உடும்பிடம் சொன்னாள்:

"தூங்கப் போறேன், தங்கச்சி! முழிச்சா மறுபடி இலுப்பைக்குப் போவேன். முழிக்கலேன்னா, வயிறு நிறைஞ்சுதான் போனான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு!"

சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

சாவுக்குப் பயந்து விழித்திருந்தால் சாவு தள்ளிப்போகாது, கையில் இருக்கும் நாள்தான் வீணாகும்.