சமஸ்தானமே மூட்டை கட்டிய இங்கிலீஷ் பாடம்

தும்பைக்கோட்டை ராஜா வீரபூபதிக்கு இங்கிலீஷ் பாதி வந்துவிட்டது. ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். முழுசாக வந்திருந்தாலும் பாதகமில்லை. இந்தப் பாதியில் நிற்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் மட்டும் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் பேசிப் பழகுவார்கள்.

கலெக்டர் துரை சித்திரையில் வரப்போகிறார், அவரோடு தடங்கலில்லாமல் பேச வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. பாடம் சொல்லிக்கொடுத்தவர் திவான் கோதண்டபாணி. ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதோடு விடக் கூடாது என்பது அவருடைய முறை. ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே என்று ஒருவரையும் விடாமல் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நான் சாப்பிடுகிறேன், நாங்கள் சாப்பிடுகிறோம், நீ சாப்பிடுகிறாய் என்று ராஜா இங்கிலீஷில் முழங்குவார். சபை மொத்தமும் திருப்பி முழங்கும். அதற்குள் சாப்பாடு ஆறிப்போகும்.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. தும்பைக்கோட்டையில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து எதைச் சொன்னாலும் அது உத்தரவு. சொன்னவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. இந்த மனுஷரோ பாடத்தையும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே படித்தார், அங்கேதான் மெத்தை சுகமாக இருந்ததாம். ஒருநாள் "குதிரை சபைக்கு வருகிறது" என்று இங்கிலீஷில் சொல்லிப் பழகினார். அன்றிலிருந்து குதிரை தினமும் வந்து தளபதிக்குப் பக்கத்தில் நின்று புல் தின்றது.

சபையில் சடையப்பன் என்றொரு விகடன் இருந்தான். வாய் சும்மா இருக்காது. "திவானே, எங்களுக்கு இவ்வளவு பாடம் நடத்துறீங்க. துரையைப் பார்த்தா மட்டும் உங்க வாயில எஸ் சாரைத் தவிர எதுவும் வரமாட்டேங்குதே, ஏன்?" என்று நடுச்சபையில் கேட்டுவிட்டான். சபை சிரித்தது. குதிரைகூடக் கனைத்தது. திவானுக்கு அந்தக் கனைப்புதான் பொறுக்கவில்லை.

மறுநாள் பாடத்துக்கு அவர் எடுத்துக்கொடுத்த வாக்கியம் இது: "சடையப்பன் லீவ்ஸ் தி ஸ்டேட் டுமாரோ." நாளைக்குச் சடையப்பன் சமஸ்தானத்தை விட்டுப் போகிறான் என்று அர்த்தம். ராஜாவின் கவனமெல்லாம் உச்சரிப்பில் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று சொல்லி முடித்தார்.

திவானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"சபாஷ்! நிறுத்தாதீங்க மகாராஜா, மத்ததையும் சொல்லுங்க!"

ராஜா சொன்னார். ஐ லீவ், வீ லீவ், யூ லீவ் என்று ஆரம்பித்து, தே லீவ் வரைக்கும் போய்த்தான் நின்றார். சபையும் கூடவே முழங்கியது. முடிந்ததும் திவான் எழுந்தார்.

"உத்தரவு ஆயிடுச்சு. சடையப்பன் நாளைக்குக் கிளம்பியாகணும்."

அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போனது. சடையப்பனுக்கு எல்லைக்கு வெளியே ஒரு குடிசைகூடக் கிடையாது. மனைவி வேறு நிறைமாசம். வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தெருவில் நிறுத்தப் பார்த்த அந்தத் திவானை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சடையப்பன் கைகட்டி நின்றான். "போறேன் மகாராஜா. உங்க உத்தரவை ஒண்ணு விடாம நிறைவேத்த எனக்கு அனுமதி மட்டும் கொடுங்க."

"தாராளமா!" என்று ராஜாவை முந்திக்கொண்டார் திவான். ராஜா கண்ணைத் துடைத்தபடி தலையாட்டினார்.

விடிந்தது. ராஜாவின் கட்டில் ஆடியது. கண்விழித்துப் பார்த்தால், ஆட்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார்கள். வாசலில் கண்ணுக்கெட்டிய தூரம் மாட்டுவண்டிகள். அம்மி, ஆட்டுக்கல், கோழிக்கூடு எல்லாம் ஏறியாயிற்று. யானை முதுகில் அரண்மனை ஊஞ்சல். முதல் வண்டியில் மகாராணி.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க எங்கே போறதா உத்தேசம்?" என்றாள்.

ராஜா பதில் சொல்வதற்குள் பக்கத்துச் சமஸ்தானத்து ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். "எங்க ராஜா கேட்டுவரச் சொன்னார். இது படையெடுப்பா, கல்யாணமா? படையெடுப்புன்னா சரணடைஞ்சிடறோம். கல்யாணம்னா எத்தனை இலை போடணும்?"

"சடையப்பா! என்னய்யா இது?" என்று கட்டிலிலிருந்தே கத்தினார் ராஜா.

"நீங்க போட்ட உத்தரவுதான் மகாராஜா. ஐ லீவ்னீங்களே, அது நீங்க. வீ லீவ், அது சபை. ஷீன்னா மகாராணி. இட், யானையும் குதிரையும். தே லீவ், அது ஊர் ஜனம். ஒருத்தரையும் நீங்க விட்டுவைக்கலையே."

"அப்போ ராஜ்யத்தை யார் பார்த்துக்கிறது?"

திவான் வேகமாக முன்னால் வந்தார். "கவலையே வேண்டாம் மகாராஜா. நான் இருந்து பார்த்துக்கிறேன்."

"அதெப்படி?" என்றான் சடையப்பன். "யூ லீவ்னு சொல்றப்போ மகாராஜா உங்க முகத்தைப் பார்த்துத்தானே சொன்னார்? உங்க வீட்டுச் சாமானும் ஏறிக்கிட்டிருக்கு."

திவான் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் ஊறுகாய் ஜாடி ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது.

"டேய், கீழே வைங்கடா!" என்று அலறினார் திவான். "அது வெறும் பயிற்சிடா! பாடத்துக்காகச் சொன்னதைப் போய் எந்த மடையனாவது உத்தரவுன்னு எடுத்துக்குவானா?"

சடையப்பன் கடைசி வண்டிக்குப் போனான். மனைவியைக் கைபிடித்து மெதுவாக இறக்கினான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாடம் சொல்லிக்கொடுத்தவரே சொல்லிட்டார் மகாராஜா. நான் வீட்டுக்குப் போறேன்."

ராஜா கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று சடையப்பன் மனைவியிடம் கொடுத்தார். பிறகு திவானைப் பார்த்தார்.

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாய்யா? வர்றேன்னு என் மாமியார் வீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாளே மகாராணி!"