மடங்காத கால்கள்

ஆற்றங்கரை மடத்தில் சிவக்கொழுந்து என்றொரு சீடர் இருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர், குருவைவிட அதிகம் படித்தவர். இரண்டையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டார். பத்மாசனத்தின் இலக்கணம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் போனபிறகு, உட்காரத்தான் முடியவில்லை.

ஒரு மத்தியானம் குருவிடம் வந்தார்.

"உத்தரவு கொடுங்கள் சுவாமி, மடத்தை விட்டுப் போகிறேன்."

"ஏன்?"

"சம்மணம்கூடப் போட முடியாதவன் ஜபம் பண்ணி என்ன? ஈசன் காதில் விழவா போகிறது?"

"போகலாம். காலையில் தம்பிரான் அடங்கிவிட்டார் அல்லவா? அவரைச் சமாதிக்கு உட்கார வைத்துவிட்டுப் போம். முறை தெரிந்தவர் நீர் ஒருவர்தான்."

சிவக்கொழுந்து முகம் சுளித்தார். அந்தக் கிழத் தம்பிரான் ஆயுள் முழுவதும் பின்கொட்டிலில் மல்லாந்து, காலை நீட்டி, முணுமுணுத்துக்கொண்டே கிடந்தவர். "நீர் துறவியா, நோயாளியா?" என்று சிவக்கொழுந்து சீண்டுவதுண்டு. "படுத்தாத்தான் ஐயா அவன் பேரு வாயில வருது" என்பார் தம்பிரான், எழுந்திருக்காமலேயே.

மடத்து வழக்கப்படி துறவியைப் பத்மாசனத்தில் இருத்தித்தான் குழியில் இறக்க வேண்டும். வெளியே குழி வெட்டும் சத்தம் கேட்டது.

சிவக்கொழுந்து உடம்பைச் சுவரில் சாய்த்து, வலக்காலை மடக்கினார். அதன்மேல் இடக்காலை ஏற்றினார். கையை எடுத்தார்.

கால்கள் மெல்ல, அவசரமில்லாமல், நீண்டன.

விறைப்பு, என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டார். விறைத்த கால் மடங்கவே மடங்காது என்பது பிறகுதான் உறைத்தது.

மறுபடி மடக்கிக் காவித்துணியால் இறுகக் கட்டினார். கண்ணெதிரே முடிச்சு நெகிழ்ந்தது. கால்கள் நீண்டன. உடம்பு சரிந்து, பழையபடி பாயில் மல்லாந்தது.

கொட்டிலில் குளவி இரைவது போல ஒரு சத்தம். கூரையைப் பார்த்தார். குளவி இல்லை. பிறகு தம்பிரானின் வாயைப் பார்த்தார்.

வாசலில் குரு நின்றிருந்தார்.

"சுவாமி, இவர் நிஜமாகவே போய்விட்டாரா?"

"தொட்டுப் பாரும்."

"சில்லென்று இருக்கிறது. மூச்சில்லை. நாடி இல்லை. ஆனால்... உதடு அசைகிறது."

"என்ன சொல்கிறார்?"

காதை அருகே கொண்டுபோகக் குனிந்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்து, சரிந்து, கடைசியில் பிணத்தின் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுக்க வேண்டியதாயிற்று.

கேட்டார். ஐந்தெழுத்துத்தான். நிறுத்தாமல் வந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய உதடுகளும் கூடவே அசையத் தொடங்கியிருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை.

குழி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "குழி தயார் சாமி."

"ஆள் நீளத்துக்கு வெட்டுங்கள். படுக்க வைக்கப் போகிறோம்" என்றார் குரு.

குழி வெட்டுகிறவர் பாயில் அருகருகே கிடந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தருக்கா சாமி, ரெண்டு பேருக்கா?"

"ஒருவருக்குத்தான்" என்றார் குரு. "மற்றவர் இப்போதுதான் ஜபம் ஆரம்பித்திருக்கிறார்."