ஒன்றும் வேண்டாதவர்

செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் இருந்த அந்தக் கிறிஸ்தவச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியாராக ஏசுவடியான் ஆனபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அதுவரைக்கும் அதே ஊரில் தபால்காரர். எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. உபதேசியார் ஆன பிறகும் அதே சைக்கிள், அதே தெருக்கள். பையில் மட்டும் கடிதங்கள் இருந்த இடத்தில் வேதப்புத்தகம் இருந்தது.

ஊழியத்தில் அவருக்குக் குரு, சுற்றுச் சபைகளெல்லாம் சேர்ந்த சேகரத்தின் குருவானவர் பியூலா. வயதில் அவருக்கு மகள் மாதிரி. குருவானவரின் மனைவியை ஐயரம்மா என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். குருவானவரே ஒரு பெண் என்றானபோது புதுப்பெயர் யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவரும் ஐயரம்மா ஆகிவிட்டார். திங்கட்கிழமை காலைகளில் ஏசுவடியான் பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்பார். வயது வித்தியாசம் இருவரையும் உறுத்தியதில்லை.

உபதேசியாரைப் பற்றி ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். "இப்பதான் குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லி, ஜெபித்து முடித்ததும் எழுந்துவிடுவார். மனைவி கிருபையை அடக்கம் பண்ணிய வாரமே, யாரோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஜெபிக்கக் கிளம்பிப் போனார். "மனுசன் பாறை மாதிரி" என்றார்கள்.

கோயில்பிள்ளையின் வீட்டுக்கு அவர் போக ஆரம்பித்தது மழைக்காலம் முடிந்த பிறகு. கோயில்பிள்ளை பைக் மெக்கானிக். கடைவீதியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். ஐம்பது வயதில் ஒரு நாள், ஸ்பானர் பிடித்திருந்த வலது கையோடு அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. வாய் கோணிக்கொண்டது. பட்டறையை மச்சினன் எடுத்து நடத்தினான். மனைவி ரோஸ்லின் தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். கோயில்பிள்ளை ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தார்.

ஏசுவடியான் வாரம் தவறாமல் போனார். ஆறுதலான வசனங்களாகப் பார்த்து வாசித்தார். தலைமேல் கைவைத்து ஜெபித்தார். சபை சார்பாக அரிசி கொண்டுபோனார். பழம் கொண்டுபோனார். ஒருமுறை பாடகர் குழுவையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆமென் சொல்லி முடித்ததும் கோயில்பிள்ளை குழறலாகச் சொன்னார்.

"ஐயா, இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஏன், நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

"இல்ல. நல்லாத்தான் பேசுதீங்க. ஆனா நீங்க வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு நாளைக்கு எந்திரிச்சு உக்காரவே தோண மாட்டேங்கு."

ஏசுவடியான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ரோஸ்லின் பின்னாலேயே வந்தாள். முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். மாத்திரைகள்.

"தலையணை உறைக்குள்ள கெடந்துச்சு ஐயா. முழுங்குற மாதிரி முழுங்கிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பிருதாரு. இன்னொரு தடவை வாதம் வந்தா ஆள் தங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சண்டை போட்டுப் பார்த்துட்டேன். அழுதும் பார்த்துட்டேன். நீங்கதான் ஏதாவது சொல்லணும்."

ஏசுவடியான் சைக்கிளை நேரே ஐயரம்மா குடியிருந்த குருமனைக்கு விட்டார்.

ஐயரம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீர்க்கங்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஏசுவடியான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"ஒரு மனுசன் சாகணும்னு படுத்துக் கெடக்கான். அவனை எந்திரிக்க வைக்க இன்னும் நான் என்னதாம்மா குடுக்கணும்?"

ஐயரம்மா சீவுவதை நிறுத்தவில்லை.

"இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?"

"வசனம் குடுத்தேன். ஜெபம் பண்ணினேன். அரிசி, பழம் எல்லாம் கொண்டுபோனேன். என் நேரத்தைக் குடுத்தேன்."

"அவர்கிட்ட என்ன வாங்கினீங்க?"

"நோயாளிகிட்ட நான் என்னத்தம்மா வாங்க?"

"போய் ஏதாவது கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார் ஐயரம்மா. பிறகு அடுத்த பீர்க்கங்காயை எடுத்தார்.

ஏசுவடியான் வழியெல்லாம் யோசித்தார். மெக்கானிக்கிடம் கேட்க வேறென்ன இருக்கிறது? மறுநாள் போய்க் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கோயில்பிள்ளை, எனக்கு உங்க ஒத்தாசை வேணும். ஒரு பைக் வாங்கலாம்னு இருக்கேன். எந்த வண்டி நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கோயில்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்கு பைக் ஓட்டத் தெரியுமா?"

"பழகிக்கிடலாம்னு..."

"இந்த வயசுலயா? தெரு முக்குல சைக்கிளையே எறங்கித் தள்ளிட்டுப் போறவரு நீரு."

இதுவரை 'நீங்க' என்று சொன்ன வாய் இப்போது 'நீரு' என்றதை மட்டும் ஏசுவடியான் கவனித்தார்.

"பரிதாபப்பட்டு அரிசி கொண்டாந்தீரு. சரி, வயித்துக்கு ஆச்சு, வாங்கிக்கிட்டேன். இப்ப பரிதாபப்பட்டு எனக்கு வேலை குடுக்கீராக்கும்? கைக்குழந்தைகிட்ட 'அந்தச் சொப்பை எடுத்துக் குடு ராசா'ன்னு சொல்ற மாதிரி?" கோயில்பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. "எந்திரியும். போயிரும்."

அவர் எழுந்து வந்துவிட்டார். அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபம் ஐயரம்மாமேல்தான். திங்கட்கிழமை வரை அதை அப்படியே வைத்திருந்து கொண்டுபோனார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் போனேன். நாயை விரட்டுற மாதிரி விரட்டிட்டாரு."

"என்ன கேட்டீங்க?"

சொன்னார்.

"உங்களுக்கு பைக் வேணுமா?"

"எனக்கெதுக்கு பைக்?"

"வேண்டாததை ஏன் கேட்டீங்க?"

"வேணும்ங்கிறது எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா! ஒத்தைக்கட்டை நான். பென்ஷன் வருது, பொங்கிச் சாப்பிடுதேன், ஆண்டவர் நடத்துறாரு. எனக்கு யார்கிட்டயும் ஒண்ணும் வேண்டாம்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று உயர்ந்துவிட்டது. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்தார்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்க ஜெபிக்கும்போது நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆஸ்பத்திரியில கெடக்கிறவங்க பேர் வருது. கடலுக்குப் போனவங்க வாறாங்க, பரீட்சை எழுதுற பிள்ளைங்க வாறாங்க. கிருபையம்மா போனதுலருந்து உங்க பேர் ஒருநாளும் வரலை."

ஏசுவடியான் பாடம் கேட்காமலே எழுந்தார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றார். எப்போதும் நடப்பதுதான் அன்றும் நடந்தது. ஒன்றும் வரவில்லை. அடுத்தவர் வீட்டில் ஆற்றுத்தண்ணீர் மாதிரி ஓடும் வார்த்தைகள், தன் வீட்டுத் தரையில் முழங்கால் பட்டதும் வற்றிப்போயின. கிருபையைக் குழிக்குள் இறக்கிய நாளிலிருந்து அப்படித்தான். முதலில் துக்கம் என்று நினைத்தார். பிறகு களைப்பு என்று நினைத்தார். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டு, முழங்காலில் நிற்பதை மட்டும் விடாமல் செய்தார். இது ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் உபதேசியார் என்ற பெயருக்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்று பயந்தார்.

அந்த வாரம் அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம், ரோஸ்லின் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, கோயில்பிள்ளை வீட்டுப் படியேறினார். கையில் பை இல்லை.

"வர வேண்டாம்னு சொன்னேம்லா" என்றார் கோயில்பிள்ளை, முகத்தைத் திருப்பாமல்.

"ஜெபம் பண்ண வரலை."

"பின்ன எதுக்கு வந்தீரு?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு ஜெபம் பண்ண வரலை, கோயில்பிள்ளை."

"அதான் சொல்லிட்டீரே. வரலைன்னா போயிரும்."

"அப்படி இல்ல." ஏசுவடியான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எனக்கு ஜெபமே வரலை. அவ செத்ததுலருந்து வரலை. முழங்கால் போட்டு நிப்பேன். சுவரைப் பார்ப்பேன். எந்திரிச்சிருவேன்."

கோயில்பிள்ளை இப்போது தலையைத் திருப்பினார்.

"அப்போ இத்தனை நாளும் எனக்குப் பண்ணினீரே?"

"வாயாலதான்."

"எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்குமே."

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது. பிறகு கட்டிலிலிருந்து ஒரு விதமான சத்தம் கேட்டது. வலிப்பு வருகிறதோ என்று ஏசுவடியான் பதறிப்போய் எழுந்தார். கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயால் சிரிப்பது எப்படி என்று அவருக்கே இன்னும் பிடிபடாத மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

"அதான் ஒண்ணுமே உள்ள எறங்கலையாக்கும்" என்றார்.

ஏசுவடியானுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது.

"நீங்க எனக்காக ஒரு ஜெபம் பண்ணணும்" என்றார்.

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உமக்கு? பட்டறைக்காரன் நான். கோயிலுக்கே பண்டிகைக்குப் பண்டிகைதான் வந்திருக்கேன். இப்ப வாயும் கோணிப்போச்சு. பாதி வார்த்தை வெளிய வராது."

"எனக்கு ஒரு வார்த்தைகூட வரலை. பாதி வந்தாலும் போதும்."

கோயில்பிள்ளை அவர் முகத்தைத் துருவிப் பார்த்தார். போன வாரம் பைக் கேட்ட முகம் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"கையை மாத்தி வச்சா செல்லுமா? எனக்கு இடதுகைதான் இருக்கு."

"செல்லும்."

கட்டிலில் கிடப்பவரின் கை எட்ட வேண்டும். ஏசுவடியான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்தார். கிரீஸ் கறை இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த அந்தக் கை அவர் நரைமயிரின் மேல் வந்து விழுந்தது. கனமாக இருந்தது.

"ஆண்டவரே" என்றார் கோயில்பிள்ளை. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "இந்த மனுசனுக்குப் பொண்டாட்டி செத்துப்போச்சு. நாங்க எல்லாரும் எழவு வீட்டுக்குப் போனோம். இவரு நாற்காலி எடுத்துப் போட்டு எங்களை உக்காரச் சொன்னாரு. நாங்களும் உக்காந்தோம். எப்படியிருக்கீருன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல." கொஞ்ச நேரம் வார்த்தை தட்டுப்படவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "இப்ப கேக்கேன். நீரும் கேளும் ஆண்டவரே. ஆமென்."

ஏசுவடியான் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கல்லறையில் வராத அழுகை அப்போது வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். கை தலைமேலேயே இருந்தது.

அழுது ஓய்ந்ததும் கோயில்பிள்ளை சொன்னார். "நாளைக்கு வாரும். இன்னைக்குப் பாதிதான் ஆச்சு. அந்தம்மா பேரைச் சொல்ல மறந்துட்டேன்."

அன்று சாயங்காலம் ரோஸ்லின் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டியபோது, சண்டை பிடிக்கத் தயாராகத்தான் நின்றாள். கோயில்பிள்ளை வாங்கி விழுங்கினார். வாயைத் திறந்தும் காட்டினார். அவள் நம்பாமல் பார்த்தாள்.

"என்னத்தப் பாக்க? உபதேசியார் நாளைக்கு வாறாரு. அதுக்கு நான் இருக்கணும்லா?"

அதற்குப் பிறகு கை சரியாகிவிட்டது, கால் நடந்துவிட்டது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. சில நாட்கள் கோயில்பிள்ளை யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை வீசி எறிந்தார். ஆனால் மாத்திரையைத் துப்பவில்லை. ஏசுவடியான் தினமும் மத்தியானம் போனார். கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்தார். சில நாள் ஜெபம் நடந்தது. சில நாள் இருவரும் கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மீன்குழம்பில் மாங்காய் போடுகிற விதத்தை ஏசுவடியான் சொல்ல, பேச்சு அதோடு முடிந்துவிட்ட நாளும் உண்டு. ஒரு விடியற்காலை, வீட்டில் தனியாக முழங்காலில் நின்றபோது அவருக்கு ஒரே ஒரு வார்த்தை வந்தது. அவள் பெயர். அதற்குமேல் வரவில்லை. அன்றைக்கு அது போதும் என்று எழுந்துகொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்கும்போதுதான் மறுபடி திங்கட்கிழமைப் பாடத்துக்குப் போனார். ஐயரம்மா ஒன்றும் நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பாடம் முடிந்தது. ஏசுவடியான் எழுந்திருக்காமல், கோயில்பிள்ளை தனக்காக ஜெபிப்பதையெல்லாம் சொன்னார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. முகத்துலயும் காட்டினதில்லை. ஊரே என்னைப் பாறைன்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஜெபம் வரலைங்கிறது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஜன்னலுக்கு வெளியே ஆலய வளாகத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஐயரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில்பிள்ளை அண்ணன் இன்னொரு ஆளுக்கு நேரம் ஒதுக்குவாரா?" என்று கேட்டார்.

"அவருக்கென்னம்மா, நாள் பூரா அங்கதான் கெடக்காரு. யாருக்கு?"

"எனக்குத்தான் ஐயா."