தனபாக்கியம் அக்காவின் பதினேழு பெட்டிகள்

எங்கள் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் மரிய புஷ்பம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. புருஷன் வின்சென்ட் பட்டாளத்தில் நாயக். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எட்டு ஊர் மாறியவள். எந்த ஊரில் இறங்கினாலும் மறுநாள் காலையில் அவள் வீடு நாலு தலைமுறையாக அங்கேயே குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிடும். அதனால் பஞ்சாபில் அந்தப் பட்டாளக் குவார்ட்டர்ஸில் நாங்கள் அவளைக் குரு என்று கூப்பிட ஆரம்பித்தோம். முதலில் கேலிக்குத்தான். அப்புறம் அதுவே பெயராகிவிட்டது.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. நானும் சிஷ்யைதான், ஆனால் மக்கு சிஷ்யை.

மார்ச் மாசம் ஒரு காலையில் தனபாக்கியம் அக்கா ரோட்டைத் தாண்டி வந்து குருவின் கதவைத் தட்டினாள். நான் கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பின்னே? ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுபேதார்களின் பிளாக். அக்கா சுபேதார் சம்சாரம். வின்சென்ட்டைவிட மூன்று படி மேலே இருக்கிறவரின் மனைவி. எங்கள் பட்டாளத்தில் ரேங்க் என்பது பெண்டாட்டிமாருக்கும் உண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் உண்டு. அப்படிப்பட்டவள் தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் வாசலில் வந்து நிற்கிறாள், நான் பார்க்காமல் விடுவேனா!

அக்கா வேலூர்ப் பக்கம். மகன் ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவள் தனியாக இங்கே வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"உன்னைத்தான் குருன்னு சொல்றாங்களா?"

"சும்மா கிண்டலுக்குச் சொல்லுதாங்க அக்கா. உள்ள வாங்க."

அக்கா உட்காரவில்லை. படபடவென்று ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் பத்து நாள்ல அவர் வர்றாரு. ரெண்டு வருஷம் பனிமலையில இருந்துட்டு வர்றாரு. அதுக்குள்ள என் குவார்ட்டரை வீடாக்கணும். நீ ஒரே நாள்ல ஆக்கிடுவியாமே! எப்படின்னு சொல்லு. என்ன வாங்கணும்? ஜன்னலுக்குத் திரையா? கம்பளமா?"

"இப்ப அங்க என்ன குறை அக்கா?"

அக்காவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"போன தடவை லீவுல வந்தாரு. கதவு திறந்துதான் கிடந்தது. வாசல்ல நின்னு தட்டினாரு. உள்ள வந்து பெட்டி மேல உட்கார்ந்தாரு. துண்டை எங்க போடட்டும்னு என்னைக் கேட்டாரு. காலையில எழுந்து படுக்கையைச் சுருட்டிக் கட்டி மூலையில வெச்சாரு. இருபது நாளும் அப்படித்தான். ரயில் ஏறுறப்ப, 'நல்லா கவனிச்சுக்கிட்டே பாக்கியம், ரொம்ப தேங்க்ஸ்'னாரு. தேங்க்ஸ்! கட்டின பொண்டாட்டிக்கு! பிளாட்பாரத்துலயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவையும் அவர் விருந்தாளி மாதிரி இருந்துட்டுப் போனா என்னால தாங்க முடியாது புஷ்பம்."

குரு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க அக்கா, உங்க வீட்டுல ஒரு டீ குடிப்போம்." என்னைப் பார்த்து, "நீயும் வா. வேண்டாம்னாலும் வரத்தான் போறே" என்றாள்.

அக்காவின் குவார்ட்டரை நான் அன்றுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு சுத்தம். சுவரில் ஒரு ஆணி கிடையாது. சுவரோரமாகப் பதினேழு கறுப்பு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயின்ட்டில் சுபேதார் ஏகாம்பரம் என்ற பெயரும் ஒரு நம்பரும். நாலு பெட்டியைச் சேர்த்துப் போட்டுப் போர்வை விரித்தால் கட்டில். இரண்டை அடுக்கித் துணி போட்டால் மேஜை. மாற்றலாகிற குடும்பங்கள் எல்லோரிடமும் இந்தப் பெட்டி உண்டுதான். ஆனால் பெட்டிகளே அணிவகுப்பில் நிற்பதை அங்கேதான் பார்த்தேன்.

"ஊசி எங்க இருக்குன்னு கேளு" என்றாள் அக்கா.

"ஊசி எங்க இருக்கு?" என்றேன்.

"ஒன்பதாம் நம்பர். இடது மூலை. பவுடர் டப்பா."

எனக்குப் பொறாமையாகிவிட்டது. என் வீட்டில் கத்தரிக்கோல் காணாமல் போய் எட்டு மாசம்.

அக்காவுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "ஆர்டர் வந்தா மூணே மணி நேரம். லாரி வாசல்ல வந்து நின்னாப் போதும். பதினாறு வருஷத்துல ஒன்பது குவார்ட்டர் ஒப்படைச்சிருக்கேன். ஒரு இடத்துலகூட நாங்க இருந்த அடையாளம் இருக்காது. சரிபார்க்க வந்தவங்களே அசந்து போயிட்டாங்க!"

பேசிக்கொண்டே நாலாம் நம்பர் பெட்டியைத் திறந்து மூன்று தம்ளர் எடுத்தாள். டீ போட்டாள். நல்ல டீ, இஞ்சி தட்டிப் போட்டது. குடித்து முடித்ததும் தம்ளர்களைக் கழுவினாள், துடைத்தாள், பழைய பேப்பரில் சுற்றினாள், பெட்டிக்குள் வைத்துக் கொண்டியை மாட்டினாள்.

குரு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாயந்தரம் டீ குடிப்பீங்களா அக்கா?"

"குடிப்பேனே. நாலு மணிக்கு."

"அப்ப மறுபடியும் பேப்பரைப் பிரிப்பீங்க?"

"ஆமா."

"ராத்திரி?"

"ராத்திரி பால்..." என்று தொடங்கிய அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"இந்த ஊருக்கு வந்துட்டீங்களா அக்கா, இல்லை கிளம்பிக்கிட்டு இருக்கீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "எப்படியும் கட்டத்தானே போறோம்! முதல் மூணு ஊர்ல எல்லாத்தையும் பிரிச்சுத்தான் வெச்சேன். கொடி கட்டினேன். தொட்டியில மல்லி வெச்சேன். விட்டுட்டு வர்றப்ப ஒவ்வொரு தடவையும் உயிரே போச்சு. நாலாவது ஊர்லதான் எனக்குப் புத்தி வந்தது."

"எனக்கும் ஒரு ஊர்ல அந்தப் புத்தி வந்துது அக்கா" என்றாள் குரு. "பதினோரு மாசம் இருந்தோம். பெட்டியே பிரிக்கல. ஆர்டர் வந்துது. ரெண்டு மணி நேரத்துல எல்லாம் ஏத்தியாச்சு. லாரி கிளம்பப் போவுது. எதிர்த்த வீட்டுக்காரி கதவைத் திறந்து வந்து டிரைவர்கிட்ட கேக்கா, 'இந்த வீட்டுல ஆள் இருந்தாங்களா?'ன்னு."

அக்கா சிரித்துவிட்டாள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"சரி, நான் என்ன வாங்கணும்? அதைச் சொல்லு."

"ஒண்ணும் வாங்க வேண்டாம். நாளைக்கு விடிஞ்சதும் பதினேழு பெட்டியையும் காலி பண்ணி வைங்க."

"காலி பண்ணி?"

"குருன்னு வந்துட்டீங்கல்ல? கேள்வி கேக்காம செய்யுங்க."

மறுநாள் நடந்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்பது மணிக்குக் குரு, பின்னால் நாங்கள் பதினேழு பேர். குளிர் முடிந்த நேரம். எல்லார் வீட்டிலும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள் மலையாகக் கிடக்கின்றன, கட்டி வைக்க இடம் கிடையாது. குரு வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: சுபேதார் சம்சாரம் ஆளுக்கு ஒரு பெட்டி இரவல் தருகிறாராம், வாங்க.

சுபேதார் சம்சாரத்துக்குத்தான் அது தெரியாது.

"ஏய்! ஏய்! எங்க தூக்கிட்டுப் போறே? அது என் மூணாம் நம்பர்!"

"ஒன்பது எனக்கு!" என்று நான் முதல் ஆளாக மேலே விழுந்து பிடித்துக்கொண்டேன்.

"புஷ்பம், இன்னாடி இது அநியாயம்! நில்லு! உன் பேரு இன்னா? எந்த பிளாக்கு? நில்லுன்னா நில்லு!"

அக்கா ரோட்டில் ஓடினாள். சுபேதார் சம்சாரம் பெட்டிக்குப் பின்னால் ஓடுகிறாள்! மாடியில் நின்ற பெண்களெல்லாம் கை தட்டினார்கள். யார் வீட்டுக்கு எந்தப் பெட்டி போகிறதென்று பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளுமா? ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டாள். "ஈரம் படுற சுவரு, அங்க வெக்காதே. இந்தப் பக்கம் தள்ளு. ஏன் இவ்வளவு இருமறே, மருந்து சாப்பிட்டியா?" நுழைந்த வீட்டிலெல்லாம் டீ. ஒரு தெலுங்குக்காரம்மா கோங்குரா ஊறுகாய் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். கேரளத்துப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அக்கா வீடு திரும்ப மத்தியானம் ஒரு மணி. பதினேழு பெயரும் மனப்பாடம்.

வந்து பார்த்தால் பெட்டி ஒன்றும் இல்லாத வெறும் அறை. நடுவில் மலை மாதிரிக் குவியல். தம்ளர், வேட்டி, சாமி படம், தேங்காய்த் துருவி, மகனின் பழைய பள்ளிக்கூட ஷூ. அக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எதை எங்க வெக்கிறது புஷ்பம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே இங்க இருக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டுக் குரு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எனக்கே கோபம் வந்தது. இப்படியா ஒரு மனுஷியை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவது!

ஆனால் மறுநாள் காலையில் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா ஸ்டூல் மேல் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. "ஓட்டைக்கு அபராதம் போடுவாங்க, போடட்டும்!" என்றாள். அதன் பிறகு தினமும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பலகை கொண்டு வந்தாள், இன்னொருத்தி செங்கல், மற்றொருத்தி ஒரு கயிற்றுக் கட்டில். பெட்டிப் பூட்டின் சாவியைக் கேட்டு வந்தவள் அலமாரி அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் அக்கா கரண்டியைக் காணோமென்று மாடியிலிருந்து கூவினாள். எங்கள் பக்கமிருந்து நாலு பேர் கரண்டியோடு ஓடினோம்.

அதற்குள் மொத்தக் குவார்ட்டர்ஸுக்கும் தெரிந்துவிட்டது, சுபேதார் வருகிற நாள். காய்கறி வண்டிக்காரன்கூட எத்தனை நாள் பாக்கி என்று கேட்டான்.

பத்தாம் நாள் பதினோரு மணிக்கு லாரி வந்தது. நானும் குருவும் எதிர்ப் பால்கனியில் துணி உலர்த்துகிற மாதிரி நின்றோம். ஒரே துண்டை நான் ஆறு தடவை உதறினேன்.

சுபேதார் இறங்கினார். பனியில் கருகி மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. படியேறினார். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அக்கா புதுப் புடவையில் நிற்பது தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். திறந்த கதவைத் தட்டினார்.

"போச்சு" என்றேன் நான். குரு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயம் குருவுக்கும் வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது ஐயா ஒரு குரல்! பரேடு மைதானத்துக்கே கேட்டிருக்கும்.

"பாக்கியம்! என் வேட்டி எங்க? பெட்டி ஒண்ணையும் காணோமே! இதென்ன, சாமி படத்துக்குப் பக்கத்துல தேங்காய்த் துருவி! சோப்பு எங்கடி? என்ன குடித்தனம் பண்றே நீ?"

"கண்ணைத் திறந்து தேடுங்களேன்! எல்லாத்தையும் நான்தான் வந்து எடுத்து நீட்டணுமா?"

"ஆணியா இது? ஒரு பனியன்கூடத் தாங்காது. சுத்தியலைக் கொண்டா! நகரு, அலமாரியில இந்தத் தட்டு எனக்கு."

"அது என்னுது! உங்களுக்குக் கீழ்த் தட்டு!"

"கீழ்த் தட்டு எனக்கு எதுக்கு? குனிஞ்சு எடுக்க என்னால ஆகாது!"

இரண்டு பக்கப் பால்கனியிலும் ஆள் கூடிவிட்டது. ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள், யாரென்று சொல்லமாட்டேன்.

அடுத்த நிமிஷம் அக்கா ரோட்டில் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை, கையில் கரண்டி. படியேறி வந்து குருவைக் கட்டிக்கொண்டாள்.

"சண்டை போட்டாரு! கேட்டியா? தட்டுக்குச் சண்டை போட்டாரு! போர்வையை எடுத்துக் கட்டில்ல விசிறிப் போட்டுட்டு, மடிக்காம அப்படியே விட்டுட்டாரு புஷ்பம்!"

அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்து முடித்தாள். பிறகு முகம் மாறியது.

"இன்னொண்ணும் சொன்னாரு. யூனிட் இங்க ஒரு வருஷம்தானாம். அதுக்கு முன்னாடியே ஆர்டர் வந்தாலும் வருமாம்."

"சரி அக்கா."

"இன்னா சரி? என் பெட்டி பதினேழு வீட்டுல கிடக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் போய் நிக்கணும். அவங்க அழுவாங்க. நான் அழுவேன். சுவரு பூரா ஆணி. முன்னெல்லாம் மூணு மணி நேரத்துல கிளம்பிடுவேன்டி. இனிமே ஒரே நாள்ல எப்படிக் கிளம்புவேன், சொல்லு?"

குரு அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரே நாள்ல கிளம்ப முடியாத இடம்தானே அக்கா நீங்க கேட்டு வந்தது?"