இரண்டு கழகத்துக் கொக்கு

பறவையும் மாடும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெடுங்கரை ஏரியில் ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது.

அதற்கு முன்பு அங்கே சண்டைதான். ஏரியின் கிழக்கு ஓரத்தில் மீன் அதிகம். அங்கே யார் முதலில் இறங்குவது என்று கூழைக்கடாவும் நீர்க்காகமும் இறகு பறக்கக் கொத்திக்கொள்ளும். ஒரு நாள் இரண்டுக்கும் அலுத்துப்போயிற்று. ஆடிப் பார்ப்போம், ஜெயித்தவர் அந்த வருஷம் முதலில் இறங்கட்டும் என்று பேசி முடித்தன. அப்படிப் பிறந்தது ஏரிக் கழகம். அடுத்த மழைக்கு நத்தைகுத்தி நாரை வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே அரிவாள்மூக்கன். கடைசியாகச் சேர்ந்தது சின்னக்கொக்குக் குடும்பம்.

சின்னக்கொக்குகளின் தலைவி பெயர் தும்பை. உடம்பு முழுக்க வெள்ளை. மற்ற கொக்குகளைவிடக் கால் குட்டை. முக்குளிப்பதில் நீர்க்காகத்தை யாரும் மிஞ்ச முடியாது. நீச்சல் கூழைக்கடாவுக்கு. ஒற்றைக்காலில் நிற்பது நாரைக்கு. தும்பையின் குடும்பம் ஒரு வருஷம்கூட எதிலும் ஜெயித்ததில்லை. ஆனாலும் தும்பைக்கு அதில் வருத்தமே கிடையாது. அவள் காத்திருந்தது ஆட்டம் முடிந்த பிறகு வரும் சாயங்காலத்துக்காக.

ஏரி நடுவே நீர்க்கடம்ப மரங்கள் நின்றன. எல்லாக் குடும்பங்களும் அவற்றில் வந்து அடையும். ஈர இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டே நீர்க்காகம் ஆரம்பித்துவிடும்.

"என்ன தும்பை அக்கா, இந்த வருஷமும் கடைசியில இருந்து மொத இடமா?"

"அந்த இடத்தையும் யாராவது பாத்துக்கணும்ல தம்பி. நான் விட்டா நீதான் வரணும்."

கிளைகள் குலுங்கச் சிரிப்பார்கள். கூழைக்கடாப் பெரியப்பா தன் பழைய வெற்றிகளைச் சொல்லத் தொடங்குவார். பாதியிலேயே அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அந்தப் பேச்சுச் சத்தத்தில்தான் தும்பையின் குஞ்சுகளும் கண் மூடும்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புல்மேடு. அங்கேயும் ஒரு கழகம் இருந்தது. எருமை, பசு, வெள்ளாடு, மைனா, வெளிமான் என்று ஐந்து குடும்பங்கள். இரண்டுக்கு இரண்டு சேர்ந்து ஆடும். ஐந்தாவது, நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவர் மாறும்.

ஒரு கோடையில் வெளிமான் மலைக்கு அப்பால் இருந்த பெரிய கழகத்துக்குப் போய்விட்டது. அங்கே புல் உயரமாம், வேடிக்கை பார்க்கவும் கூட்டம் அதிகமாம். நடுவர் இல்லாமல் மீதி நான்கும் ஆடின. கொம்பில் போய் முடிந்தது.

மறுநாள் எருமை மேதி கரையேறி வந்து தும்பையைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, அஞ்சாவதா எங்க கழகத்துக்கு வர்றியா?"

"தண்ணியில நிக்கிறவ நான். மேட்டுல எனக்கு என்னக்கா வேலை?"

"நடுவுல ஆள் இல்லாம வெள்ளாட்டுக்குக் கொம்பு ஒடிஞ்சுபோச்சு. இன்னொரு ஆட்டம் இப்படி நடந்தா கழகம் கலைஞ்சிடும். பழையபடி ஒவ்வொரு புல்லுக்கும் முட்டிக்கிட்டு நிப்போம். எங்க கன்னுங்க சின்னதுங்க, பாவம்."

ஒரு குடும்பத்துக்கு ஒரே கழகம் என்பது ஏரியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கம். தும்பைக்கு அது தெரியும். வருஷத்துப் பெரிய ஆட்டத்துக்கு இரண்டு கழகமும் கூடுவது ஒரே நாளில், பங்குனிப் பௌர்ணமி அன்று. ஆனால் மேட்டில் காலையில் ஆடுவார்கள், ஏரியில் பிற்பகலில். காலையில் போய்விட்டு வந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தும்பை கணக்குப் போட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டாள்.

பௌர்ணமி அன்று காலை, பசு செம்மஞ்சள் நிறப் புரசம்பூவை மிதித்துக் கூழாக்கி வைத்திருந்தது. மேட்டுக் கழகத்தார் எல்லாரும் அந்த நிறத்தைப் பூசிக்கொண்டுதான் ஆடுவார்கள். தும்பையின் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் பூசிவிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு அவள் நடுவர். கொம்பு தாழ்ந்த இடத்தில் எல்லாம் நடுவே போய் நின்றாள். யாருக்கும் காயமில்லை.

அடுத்தது வெட்டுக்கிளி பிடிக்கும் ஆட்டம். மேதியும் தும்பையும் ஒரு பக்கம், பசுவும் மைனாவும் மறுபக்கம், வெள்ளாடு நடுவர். மேதி ஒவ்வொரு அடி வைக்கும்போதும் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் துள்ளின. தண்ணீரில் எட்டாத அந்தக் குட்டைக் கால்கள் புல்லுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தன. தும்பை கொத்தினாள், கொத்திக்கொண்டே இருந்தாள். தன் வாழ்நாளில் முதல் முறையாக ஜெயித்தாள்.

"இவ்வளவு நாளும் தண்ணியில நின்னு காலை ஊறவெச்சுக்கிட்டா இருந்த?" என்றது தோற்ற மைனா. "சரி வா, இன்னொரு ஆட்டம்."

இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. தும்பை நிமிர்ந்து பார்த்தபோது சூரியன் மேற்கே இறங்கியிருந்தது.

எல்லாக் குடும்பமும் வந்து சேராமல் ஏரிக் கழகத்தில் ஆட்டம் தொடங்குவதில்லை. உச்சி வெயிலிலிருந்து அவர்கள் கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். தும்பை வந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கி, எல்லாரும் மரத்தில் அடைந்திருந்தார்கள். அந்த வருஷத்து ஆட்டமே இல்லாமல் போயிற்று. எப்போதும் கிண்டல் செய்யும் நீர்க்காகம் வாயே திறக்கவில்லை. தும்பைக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

"தலையில என்னம்மா அது?" என்று கேட்டார் கூழைக்கடாப் பெரியப்பா.

வரும் வழியில் பூவில் உரசிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவும் செய்தது.

"புரசம்பூ, பெரியப்பா. மேட்டுக் கழகத்து நிறம்" என்றவள், ஒன்று விடாமல் சொன்னாள்.

"ரெண்டு கழகத்துல இருக்க முடியாதும்மா. இங்கயா, அங்கயா? நீயே சொல்லிடு."

தும்பை யோசித்தாள். தான் இல்லாவிட்டாலும் ஏரியில் ஆட்டம் நடக்கும். ஒரு குடும்பம் குறையும், அவ்வளவுதான். மேட்டில் தான் இல்லாவிட்டால் மறுபடி கொம்புதான். மேதியின் கன்று கண்ணுக்குள் வந்து நின்றது.

"அங்க, பெரியப்பா" என்றாள்.

"அப்ப இந்த ஏரி மீன்ல உனக்குப் பங்கில்ல. தெரியும்ல?"

"தெரியும். மீன் வேண்டாம். ஆட்டத்துல இடமும் வேண்டாம். பொழுது சாஞ்சா மரத்துக்கு மட்டும் வரலாமா? நீங்கல்லாம் பேசுறதைக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டோம்."

பெரியப்பா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோடும் அதிகம் பேசாத நத்தைகுத்தி நாரை, கிளையில் மெல்ல நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டது.

"குஞ்சுங்க பொறந்த மரம்" என்றது.

"வரட்டும்" என்றது நீர்க்காகம். "ஆனா மாட்டு வாடையோட என் கிளைக்கு மட்டும் வரக் கூடாது, சொல்லிட்டேன்."

கூழைக்கடாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தும்பையின் குடும்பம் மறுநாள் விடிந்ததும் மேட்டுக்குப் போயிற்று. மேதியின் பின்னால் நடந்து வெட்டுக்கிளி பிடித்தது. முதுகில் ஏறி உண்ணி பொறுக்கியது. பிறகு எல்லாரும் அதை உண்ணிக்கொக்கு என்றே கூப்பிட்டார்கள். பூசிய நிறம் மழையில் கரைந்துபோயிற்று. ஆனால் அடுத்த முறை கூடு கட்டும் காலம் வந்தபோது தலையிலும் கழுத்திலும் முதுகிலும் அது தானாகவே முளைத்தது. அதே கோலத்தில்தான் அந்தக் குடும்பம் தினமும் ஏரி மரத்துக்கு வந்து அடைந்தது.

பகலெல்லாம் மாடு மேயும் இடத்திலேயே சுற்றித் திரிகிற உண்ணிக்கொக்கு, பொழுது சாய்ந்ததும் பக்கத்தில் நிற்கும் மரத்தை ஏறிட்டும் பார்க்காமல், வரிசையாக ஏரியை நோக்கிப் பறக்கிறதே, அது அன்று முதல்தான்.