போர் என்றொரு டேனிஷ் சொல்

இம்மானுவேல் இருபத்தாறு வருடம் டேனிஷ் கப்பல்களில் இயந்திரம் பார்த்தவர். ஓய்வு பெற்றுத் தரங்கம்பாடிக்குத் திரும்பியதும், டேனிஷ்–தமிழ் அகராதி எழுதியே தீருவேன் என்று உட்கார்ந்தார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள, அகராதி தொகுத்துப் பழகிய செந்தாமரை டீச்சரிடம் சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ‘போர்’ வந்தது. நம் ஊர்ச் சண்டையும் இல்லை, வைக்கோல் போரும் இல்லை, டேனிஷ் சொல். ஐந்து மாதமாக மனிதரை அது நகரவிடவில்லை.

ஒரு நாள் காலை, அகராதிக்குச் சொல் எழுதிய அட்டைகளையெல்லாம் பெட்டியோடு தூக்கிவந்து டீச்சர் முன் வைத்தார்.

“என்னால ஆகாது டீச்சர். நீங்களே வச்சுக்குங்க.”

“என்னண்ணே ஆச்சு?”

“போர்னா துளை போடுற கருவி. குடியிருக்கிறான்னும் அர்த்தம். வெங்காரத்துலேர்ந்து எடுக்கிற போரான் தனிமத்துக்கும் அதே பேரு. மூணுக்கும் ஒரே வேர் இருக்கணும்ல?”

“புத்தகம் என்ன சொல்லுது?”

“முதல் ரெண்டும் அந்த ஊர்ப் பழஞ்சொல்லு, ஆனா வேற வேற வேராம். மூணாவது பாரசீகத்துலேர்ந்து வந்ததாம். ஒரு சொல்லுக்கு எப்படி மூணு தாய்?”

“நீங்க என்ன எழுதினீங்க?”

இம்மானுவேல் தலை குனிந்தார். “ஆதி மனுஷன் பாறையைத் துளைச்சுக் குடியிருந்தான், அங்கேயே வெங்காரமும் கிடைச்சுதுன்னு எழுதினேன். படிச்சுப் பார்த்தா எனக்கே அசிங்கமாயிருந்துச்சு. இந்த ஒண்ணுல கதை விட்டவன், மத்த ஒன்பதாயிரம் சொல்லுல என்னென்ன விட்டிருக்கேனோ!”



டீச்சர் பையை எடுத்தார். “வாங்க, மீன் வாங்கிட்டு வந்துருவோம்.”

இம்மானுவேலுக்குச் சுருக்கென்றது. இங்கே ஒருத்தன் குடிமுழுகி நிற்கிறான், இவருக்கு மீன் கேட்கிறதா? இருந்தாலும் பின்னால் போனார்.

மீன் சந்தை நடுவில் நின்று டீச்சர் குரல் கொடுத்தார்.

“காத்தாயி அக்கா!”

மூன்று பெண்கள் திரும்பினார்கள்.

“எந்தக் காத்தாயி?” என்றார் அவர்களில் இறால் விற்பவர்.

“மூணு பேருந்தான். நீங்க ஒரு வயித்துப் பிள்ளைங்களான்னு இந்த அண்ணனுக்குச் சந்தேகம்.”

சந்தையே சிரித்தது.

“நல்லாருக்கே!” என்றார் இறால்காரர். “அவ பொறந்தது பழையாறு. இவ காரைக்கால்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. பேரு ஒண்ணுன்னா ஆத்தாளும் ஒண்ணாயிருவாளா? அவ ஆத்தா சொத்துல எனக்குப் பங்கு குடுப்பாளா, கேளுங்க!”

“ஒரு செங்கல்லுகூடத் தரமாட்டேன்!” என்றார் கருவாடு விற்ற காத்தாயி.

இம்மானுவேல் மெல்லக் கேட்டார். “ஒரே பேரா இருந்தா, வர்றவங்களுக்குக் குழப்பமா இருக்காதா?”

“என்ன குழப்பம்? இறால் வேணும்னா என்கிட்ட வர்றாங்க. கருவாடுன்னா அவகிட்ட போறாங்க.”

ஐந்து மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதை இம்மானுவேல் உணர்ந்தார். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“அப்போ அந்த மூணு சொல்லுக்கும் சொந்தமே கிடையாதா டீச்சர்? இனி அதுகளை ஒரே அட்டையில எழுதறதா, தனித்தனியாவா?”

“அஞ்சு மாசமா மூணு பேரையும் உங்க வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்கண்ணே,” என்றார் டீச்சர். “விடுங்க, அவங்கவங்க வீட்டுக்குப் போகட்டும்.”