மாடத்தி போட்ட மூன்று வளைவு

முன்னொரு காலத்தில், குதிரைக்குப் பதிலாக யாளியில் ஏறிப் போகிற யாளிமங்கலம் என்ற நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. வடநாட்டான் யாளிப்படை திரட்டுகிறான் என்று சேதி வந்ததும் அவசர அவசரமாக ஒரு கோட்டை எழுப்பினார். கிழக்கு வாசலும் அதன் சாலையும் தலைமைச் சிற்பி நெடுமுடியார் பொறுப்பு. மேற்கு வாசல், சாலை போடுகிற நாற்பது குடிகளுக்குத் தலைவியான மாடத்தியின் பொறுப்பு.

நெடுமுடியார் போட்ட சாலை நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே ராஜா தன் ஊர்வலம் போகும் பாதையை அடிவானம் வரை பார்க்கலாம். மாடத்தியோ இருபுறமும் சுவர் எழுப்பி, மூன்று இடத்தில் மடக்கி, கடைசி மடக்கைக் கதவுக்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

நெடுமுடியாருக்கு வாய் சும்மா இருக்குமா? குடிகாரன் ஓட்டிய உழவுசால் மாதிரி இருக்கிறது, மன்னரை அவமதிக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறாள் என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நாற்பது குடியும் விடிவதற்குள் ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அக்கரை வெறும் முள்காடு. ஆனாலும் மாடத்தி தலையைக் குனியவில்லை.

"மகாராஜா, போகிறோம். அதற்கு முன்னால் இரண்டு கதவுக்குப் பின்னாலும் ஒரு கட்டுக் கரும்பு வைத்து, பசித்த யாளி ஒன்றை ஏவுங்கள். என் கதவுக்குப் பின்னால் நான் உட்காருகிறேன். சிற்பி ஐயா கதவுக்குப் பின்னால் ஐயா உட்காரட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். அப்படியே ஆகட்டும் என்றார். நெடுமுடியார் மீசையை முறுக்கிக்கொண்டு தந்த நாற்காலி போட்டு அமர்ந்தார்.

யாளி துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேர் சாலையில் பிடித்தது பாருங்கள் ஓட்டம். தரை அதிர்ந்தது. நெடுமுடியார் தலைப்பாகையைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம். கதவு சுக்குநூறு, நாற்காலி அப்பளம்.

அடுத்து மேற்கு வாசல். ஓடுகிற யாளிக்குத் திரும்பத் தெரியாது. துதிக்கையை இறக்கி, தரையைத் தடவிப் பார்த்துத்தான் திரும்பும். யாளியோடு ஆயுசு முழுக்க நடந்தவளுக்கு அது தெரியும், சிம்மாசனத்தையே பார்த்துக் கட்டியவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மடக்கிலும் நின்று தடவித் தடவி, கடைசியில் மாடு மாதிரி நடந்துவந்த யாளி, கதவுத் துவாரத்தில் துதிக்கையை நீட்டியது. வெற்றிலை மென்றபடி மாடத்தி ஒரு கரும்பை எடுத்துக் கொடுத்தாள்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தைச் சுளித்து, "அது சரி மாடத்தி, என் ஊர்வலம்?" என்றார்.

"நேர் சாலையில் ஒரு பக்கத்து ஜனம்தான் உங்கள் முகத்தைப் பார்க்கும், மகாராஜா. இதில் மூன்று முறை திரும்புவீர்கள். எல்லோருக்கும் தரிசனம்."

ராஜா உச்சி குளிர்ந்து உத்தரவைக் கிழித்துப் போட்டார். கிழக்குச் சாலையையும் மடக்கச் சொன்னார். அதற்குக் கல் சுமக்கிற வேலை நெடுமுடியாருக்கு.

உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டபோது, மாடத்தி பொன் கேட்கவில்லை. இன்றைக்கும் மூன்றாம் வளைவில் ராஜாவின் யாளி நின்று, தரையைத் தடவித்தான் திரும்பும். அது தடவுகிற கல்லில் நாற்பது குடிகளின் பெயரும் இருக்கிறது.